சாக்கட்டி போட்ட வைஸ்

என் வீட்டுக்காரர் தீர்த்தகிரி பயந்த சுபாவம் உள்ளவர். இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். இருபத்திரண்டு வருடமாக நான் இதைக் குறையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து கேஸ் அடுப்பை இன்னொரு தடவை பார்ப்பார். எங்கள் மகள் ஜெயபிரியா சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். அவள் ஊருக்கு வரும்போதெல்லாம் பஸ் தொப்பூர் கணவாயைத் தாண்டியதும் 'தாண்டிட்டேன்' என்று ஒரு வார்த்தை போனில் அனுப்பியாக வேண்டும். அது வராமல் மனுசனுக்குச் சோறு இறங்காது. மோட்டார் சைக்கிளில் முப்பதைத் தாண்ட மாட்டார். கடத்தூர் கடைவீதியில் சைக்கிளில் போகிறவர்கள்கூட எங்களை முந்திக்கொண்டு போவார்கள். நான் பின்னால் உட்கார்ந்து தெரிந்தவர் யாரும் பார்க்காதபடி முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

நாளெல்லாம் பத்திரம், ஜாக்கிரதை, தொடாதே, தள்ளி நில் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்கிறவருக்கு அலுக்கவில்லை, கேட்கிறவளுக்கு அலுத்துவிட்டது. ஒரு கட்டத்துக்கு மேல் அவர் என்ன சொன்னாலும் "சரிங்க" என்று வாய் சொல்லிவிடும், காது வாங்காது.

பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றில் அவர் மெக்கானிக். அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்கு என்று அவர் வைத்திருந்தது வேறு. பழைய வைஸ்களை வாங்கிச் சரிபண்ணுவது. பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்குமே, அந்த வைஸ்தான். பின்பாகம் மேசையோடு போல்ட் போட்டு அசையாமல் இருக்கும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற முன்பாகம் நகர்ந்து வந்து பொருளை இறுக்கும். ஊரில் மற்ற பெண்கள் புருசனை நகைக்கடைக்கு இழுப்பார்கள். எங்கள் வீட்டில் அவர் என்னைக் காயலாங்கடைக்கு இழுப்பார். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் என்று எந்த ஊரில் பழைய இரும்புக் கடை இருந்தாலும் உள்ளே நுழைந்து, குவியலுக்குள் துருப்பிடித்துக் கிடக்கிற வைஸைக் கண்டுபிடித்துவிடுவார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்தோம். அங்கே அதை டீசலில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தேய்ந்துபோன பல்லுக்குப் பதிலாக லாரி ஸ்பிரிங் பட்டையில் புதுசு வெட்டி வைத்து, கிரீஸ் போட்டு, நீலப் பெயிண்ட் அடித்துத் தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுப்பார். ஆனால் எந்த வைஸையும் பட்டி வைத்துப் பூச மாட்டார். பட்டி வைத்தால் பள்ளம் மறையும், கூடவே கீறலும் மறையும் என்பார்.

கீறலைப் பற்றிய அந்தப் பயத்துக்கு மட்டும் ஒரு காரணம் உண்டு. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்தார். கூட வேலை செய்த முனிராஜ் ஒரு நாள் வைஸ் கைப்பிடியில் நீளக் குழாயைச் சொருகி, உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு இறுக்கியிருக்கிறார். முன்பாகம் கழுத்தோடு முறிந்து அவர் கால்மேல் விழுந்தது. இடது காலில் மூன்று விரல் போய்விட்டது. முறிந்த இடத்தைப் பார்த்தால் பாதி வெள்ளையாகப் பளபளத்ததாம், பாதி கறுத்துக் கிடந்ததாம். கறுத்த பாதி எத்தனையோ மாதத்துக்கு முன்பே விட்டுப்போயிருந்தது. அதன்மேல் யாரோ பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதற்கு முந்தின ஷிப்டில் அதே வைஸில் நின்று வேலை பார்த்தவர் என் வீட்டுக்காரர். இதை எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லும்போது தன் இடது காலை வலது காலுக்குப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டார்.

வார்ப்பு இரும்பு வளையாது, நசுங்காது, முன்கூட்டித் தெரிவிக்காது. ஒரு நாள் உடையும், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு வைஸுக்கும் மூன்று சோதனை வைத்திருந்தார். முதலில் முன்பாகத்தைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுவார். ணங்கென்று கேட்டால் நல்லது, டொக்கென்றால் கீறல். அடுத்தது, மண்ணெண்ணெயில் நனைத்துத் துணியால் துடைத்துவிட்டுச் சாக்கட்டித் தூளைத் தூவுவார். கண்ணுக்குத் தெரியாத கீறலாக இருந்தாலும் உள்ளே போன எண்ணெய் மெல்லக் கசிந்து வெள்ளைத் தூளில் கோடாக எழும்பும். அதோடு விட்டால் பரவாயில்லை. பெயிண்ட் அடித்துப் பூட்டி முடித்த பிறகு, ஒரு இரும்புக் கட்டையைக் கொடுத்து ராத்திரி முழுக்க இறுக்கி வைத்து, காலையில் மறுபடியும் மண்ணெண்ணெய், மறுபடியும் சாக்கட்டி. சில கீறல் பாரம் ஏறினால்தான் வாய் திறக்குமாம். வேலையற்ற வேலை என்று நான் சிரிப்பேன். அந்த மூன்றாவது சோதனையில் ஒரு வைஸ்கூடத் தோற்று நான் பார்த்ததில்லை, போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வரைக்கும்.

அன்றைக்குக் கொட்டகையில் இரண்டு வைஸ் முடிந்து உட்கார்ந்திருந்தன. இரண்டும் ஆறு அங்குலம், ஒரே கம்பெனி, ஒரே நீலம். அதில் ஒன்று பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அன்பு என்பவர் போன் போட்டுக் கேட்டிருந்தது. பள்ளிக்கூடம் ஒன்றில் லேப் உதவியாளராக இருக்கிறவர், வீட்டில் சின்னதாகப் பட்டறை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். காலையில் நான் இட்லி மாவை வழித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் கொட்டகையிலிருந்து கூப்பிட்டார்.

"சோபனா, ஒரு நிமிசம் வந்து பாரு."

"கை வேலையா இருக்கேங்க. அங்கிருந்தே சொல்லுங்க."

"ஒண்ணுல கழுத்துக்கிட்ட கோடு வுழுந்திருக்குது. சாக்கட்டில வட்டம் போட்டு வச்சிருக்கேன். சாயங்காலம் அன்பு வந்தா அதைக் குடுத்துடாத, மத்ததைக் குடு."

"சரிங்க."

"நான் சொன்னது காதுல வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சுங்க."

விழவில்லை. விழுந்த மாதிரி இருந்தது, தங்கவில்லை. அவர் வேலைக்குப் போய்விட்டார். மத்தியானம் நான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு பூஜைக்காகக் கொட்டகையைச் சுத்தம் பண்ணப் போனேன். சுத்தியல், ரம்பம், ஸ்பேனர் எல்லாவற்றையும் துடைத்தேன். இரண்டு வைஸையும் துடைத்தேன். ஒன்றின்மேல் மாவு கொட்டின மாதிரி வெள்ளையாக என்னமோ அப்பியிருந்தது. இந்த மனுசன் பெயிண்ட் அடித்த பொருளைக்கூட அழுக்காக வைத்திருக்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டே அழுத்தித் துடைத்தேன். கோடும் போனது, வட்டமும் போனது. இரண்டும் பளிச்சென்று ஒன்றுபோல இருந்தன. எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஐந்து மணிக்கு அன்பு மொபெட்டில் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், சிரித்த முகம். "அண்ணன் இல்லீங்களாக்கா?" என்றார்.

"வேலைக்குப் போயிருக்காருங்க. வைஸ் ரெடியா இருக்குது, எடுத்துக்கங்க."

அவர் கொட்டகை வாசலில் நின்று இரண்டையும் பார்த்தார். "இதுல எதுங்கக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க. எது வேணுமோ எடுத்துக்கங்க."

இதைச் சொன்ன வாய் இந்த வாய்தான். அவர் வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததைத் தூக்கினார். பண்டிகைக்கு முந்தின நாள் வீட்டை விட்டுப் போகிற பொருள் வெறுமையாகப் போக வேண்டாம் என்று நான் ஓடிப்போய்ச் சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்து அதன்மேல் மூன்று பொட்டு வைத்தேன். மொபெட்டின் முன்னால் வைஸைச் சாக்கில் சுற்றிக் கட்டும்போது அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் ஏதோ சொன்னார். அடுப்பில் கொண்டைக்கடலை வெந்துகொண்டிருந்தது, என் கவனம் அதில் இருந்தது. நானும் சிரித்து வைத்தேன்.

மறுநாள் காலையில் கொட்டகையில் வாழைக்கன்று கட்டி, பொரி, சுண்டல், பழம் எல்லாம் எடுத்து வைத்தோம். சாமான்களை வரிசையாகப் பலகையில் அடுக்கினோம். மோட்டார் சைக்கிளைக் கழுவி, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மிச்சமிருந்த வைஸ் பலகையின் நடுவில் உட்கார்ந்திருந்தது. அவர் அதையே பார்த்தார்.

"சோபனா, இதுல நான் போட்ட வட்டம் எங்க?"

அப்போதுதான் எனக்கு முந்தின நாள் காலை ஞாபகம் வந்தது. மாவு, சாக்கட்டி, கோடு, அன்பு, மத்ததைக் குடு. எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. 

"தெரியலீங்களே," என்றேன்.

"நீ தொடச்சியா?"

"நான் தொடலீங்க."

கொட்டகைச் சுவரில் கடிகாரம் மாட்டியிருந்தது. ஒன்பதே கால். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாள் கேட்டுப் பார்த்துவிட்டேன். அவர் அடிப்பவரும் இல்லை, திட்டுபவரும் இல்லை. இருபத்திரண்டு வருடம் சிரித்தவள், அந்தச் சிரிப்பெல்லாம் தப்பு என்று அவர் எதிரில் நிற்க என்னால் முடியவில்லை. அதுதான் காரணம். அதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

என்னை நம்பிவிட்டார். அதுதான் பெரிய கொடுமை. நான் தொடவில்லை என்றால் தான்தான் எங்கேயோ குழம்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். வைஸின் முன்பாகத்தைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினார். ணங்கென்று சத்தமாகக் கேட்டது. நல்ல சத்தம். அவர் முகம் வெளுத்தது. மறுபடியும் தட்டினார், மறுபடியும் ணங்கென்றது.

"நேத்து என் கண்ணுதான் சரியில்லையோ," என்றார். "இல்ல, அன்புக்கு... நீ சரியாத்தானே குடுத்த?"

"சரியாத்தாங்க குடுத்தேன்."

அவர் மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்தார். மறுபடியும் முதலிலிருந்து சோதனை. எண்ணெய் ஊற வேண்டும், துடைக்க வேண்டும், தூள் தூவ வேண்டும், காத்திருக்க வேண்டும். நான் திரும்பி உட்கார்ந்து ஸ்பேனர்களுக்குப் பொட்டு வைக்க ஆரம்பித்தேன்.  உள்ளுக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு ஆயுத பூஜை. ஊர் உலகத்தில் ஒருவரும் சுத்தியலைத் தொட மாட்டார்கள். சாமி முன்னால் வைத்த இரும்பை நாளைக் காலையில்தான் எடுப்பார்கள். பூஜை முடியட்டும், சாயங்காலம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம். ராத்திரிக்குள் போன் போட்டால் போதும். ஒன்றும் ஆகாது.

ஒவ்வொரு ஸ்பேனராகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். சுத்தியலின் தலைக்கு வைத்தேன். அடுத்த பொட்டுக்குச் சந்தனத்தைத் தொட்டபோது, என் விரலில் இருந்த சந்தனத்தைப் பார்த்தபோது, அன்புவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. சாக்கில் சுற்றுவதற்கு முன்னால் அவர் அந்த மூன்று பொட்டையும் கட்டைவிரலால் மெதுவாகத் துடைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவர் சொன்னதும் அப்போது காதில் கேட்டது, முந்தின நாள் கேட்காதது.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா, நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. நாளைக்கு ஸ்கூல் லீவு. எங்க அண்ணனோட டிராக்டர் கலப்பைல கொழு ஒண்ணு வளஞ்சு கெடக்குது, நாளைக்கு இதுல வச்சுத்தான் நிமித்தணும்."

எழுந்து நின்றேன். மணி பத்து. "ஏங்க," என்றேன். "நான்தாங்க தொடச்சேன். வட்டத்தையும் நான்தான் அழிச்சேன். ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லி அன்புவையே எடுத்துக்கச் சொல்லிட்டேன். அவங்களுக்குப் பூஜையெல்லாம் இல்லீங்க. இன்னைக்கு அதுல வேலை செய்யப்போறேன்னாரு."

திட்டுவார் என்று நின்றேன். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. "கொழுவா," என்றார். "கொழுவ நிமித்தறதுன்னா குழாய் போட்டுத்தான் இறுக்குவான்." போனை எடுத்து அன்புவைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. கற்பூரம் காட்டாமல், பூஜை முடியாமல், மாலை போட்ட வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளினார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

முப்பதைத் தாண்டாதவர் அன்றைக்கு எவ்வளவில் போனார் என்று எனக்குத் தெரியாது. வேகம் காட்டும் முள்ளைப் பார்க்கவே பயமாக இருந்தது. வழியெல்லாம் பட்டறைகள் பூட்டிக் கிடந்தன, மாவிலைத் தோரணமும் வாழைக்கன்றுமாக. லேத், வெல்டிங், பஞ்சர் கடை, எல்லாவற்றிலும் இரும்பு சும்மா இருந்தது. இந்த ஜில்லாவிலேயே இன்றைக்கு வேலை செய்கிற வைஸ் அது ஒன்றுதான் என்று தோன்றியது. பொம்மிடி தாண்டி ஒரு லாரி பட்டறை வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்துப் போட்டிருந்தார்கள். அதில் பின்சக்கரம் வழுக்கி வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. விழப்போகிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் இரண்டு காலையும் ஊன்றி நிறுத்தினார், ஒரு செருப்பு கழன்று போனது. அதை எடுக்கவில்லை. மறுபடியும் கிளப்பினார். முதுகில் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் போனை எடுத்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் எடுக்காதபோது அன்புவின் பாதத்தை நினைத்துக்கொண்டேன். என்ன செருப்பு போட்டிருந்தார் முந்தின நாள்? ரப்பர் செருப்பு. நீல வார்.

பாப்பிரெட்டிப்பட்டியில் சர்ச்சு எங்கே என்று கேட்டு, சர்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாவிடம் ஸ்கூலில் வேலை செய்கிற அன்பு வீடு எது என்று கேட்டோம். அந்த அம்மா கையைக்கூட நீட்டவில்லை. "அதோ தட்டற சத்தம் கேக்குது பாருங்க, அந்த வூடுதான்," என்றார்.

கேட்டது. ணங், ணங் என்று அடி விழுந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்கிற வரைக்கும் நல்லது என்று நான் நினைத்தேன். வீட்டை நெருங்கும்போது சத்தம் நின்றது.

அவர் வண்டியை அப்படியே கீழே சாய்த்துவிட்டு ஓடினார். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். நான் பின்னால் ஓடினேன். வீட்டுக்குப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் கனமான மேசை. அதில் நீல வைஸ். வாயில் கொழுவைக் கவ்வியிருந்தது. அடித்ததில் கொழு நழுவியிருக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் இறுக்குவதற்காக அன்பு கைப்பிடியில் ஒரு முழ நீளக் குழாயைச் சொருகி, இரண்டு கையாலும் பிடித்து, உடம்பைச் சாய்க்கப் போனார். நேர் கீழே அவருடைய கால், அதே ரப்பர் செருப்பில்.

என் வீட்டுக்காரருக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றார். நான்தான் கத்தினேன். "அன்பு, கைய வுடுங்க. வுட்டுட்டுப் பின்னால வாங்க."

அவர் திகைத்துப்போய்க் குழாயை விட்டார். இரண்டு அடி பின்னால் வந்தார். "என்னங்கக்கா? அண்ணா, என்னாச்சு?"

 என் வீட்டுக்காரர் ஒரு மரக்கட்டையை எடுத்து வைஸின் முன்பாகத்துக்குக் கீழே முட்டுக்கொடுத்தார். தன் காலைத் தள்ளி வைத்துக்கொண்டு, கைப்பிடியைக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்தினார். கொழு விழுந்தது. முன்பாகத்தை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.  அன்புவிடம் டீசலும் சாக்கட்டியும் கேட்டார். டிராக்டருக்கு வைத்திருந்த டீசல் இருந்தது, பள்ளிக்கூடத்துச் சாக்கட்டியும் இருந்தது. நனைத்தார், துடைத்தார், செருப்பால் தேய்த்துத் தூளாக்கித் தூவினார். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

கழுத்துக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கோடு எழுந்தது. முடி மாதிரி. எழுந்து, நீண்டு, வளைந்து போனது. அவர் அதன்மேல் ஆள்காட்டி விரலைப் படுக்க வைத்தார். விரலைத் தாண்டியும் கோடு இருந்தது. அதன் முனையிலிருந்து நடுவிரலைப் படுக்க வைத்தார். அப்போதுதான் கோடு முடிந்தது.

"நேத்து ஒரு விரல்தான் இருந்துச்சு," என்றார்.

அன்பு தன் காலைப் பார்த்தார். பிறகு வைஸைப் பார்த்தார். மெதுவாக வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டார். "போன் உள்ள சார்ஜ்ல கெடக்குதுங்கண்ணா," என்றார், யாரும் கேட்காமலே.

"எப்ப ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"மாட்டறதுக்கே நேரமாயிடுச்சுங்க. மொத அடி வுழறப்ப பத்து மணி தாண்டியிருக்கும்."

கடத்தூரிலிருந்து நாங்கள் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. நான் மனசுக்குள் கணக்குப் போட வேண்டாம் என்று பார்த்தேன். அது தானாகப் போட்டுக்கொண்டது. ஒன்பதே காலுக்கே உண்மையைச் சொல்லியிருந்தால், முதல் அடி விழும்போது நாங்கள் இந்த வேப்பமரத்தடியில் நின்றிருப்போம்.

"மன்னிச்சுக்கங்க," என்றார் என் வீட்டுக்காரர். "நான்தான் மாத்தி வச்சுட்டேன். நல்லது வூட்ல இருக்குது. நாளைக்கு நானே கொண்டாந்து பூட்டித் தர்றேன்."

நான் வாய் திறக்கப் போனேன். அவர் எழுந்து வைஸைச் சாக்கில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். அன்பு வாசல் வரை வந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தப்பு செய்தவளை அக்கா என்று கூப்பிட்டுக் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். எனக்கு அந்த வீட்டில் தண்ணீர்கூட இறங்கியிருக்காது.

திரும்பும்போது முப்பதில் வந்தோம். ஒரு சைக்கிள் முந்திக்கொண்டு போனது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பூசணிக்காய் உடைந்து கிடந்த இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, அவருடைய செருப்பைத் தேடி எடுத்து வந்தேன். அவர் அதைப் போட்டுக்கொண்டார்.

வீட்டில் சுண்டல் ஆறிப்போயிருந்தது. அவர் நேராகக் கொட்டகைக்குப் போய், நான் காலையில் பொட்டு வைத்த பெரிய சம்மட்டியைப் பலகையிலிருந்து எடுத்தார்.

"இன்னைக்கு எடுக்கக் கூடாதுங்க," என்றேன்.

"இதை நாளைக்கு வரைக்கும் முழுசா வச்சிருக்க எனக்குப் பயமா இருக்குது சோபனா. காயலாங்கடைல போட்டாலும் யாராவது பெயிண்ட் அடிச்சு வித்துடுவான்."

கீறல் விட்ட முன்பாகத்தைக் கல்மேல் வைத்தார். இரும்பாயிற்றே, நாலைந்து அடியாவது வேண்டும் என்று நினைத்து நான் தள்ளி நின்றேன். சம்மட்டியைத் தோளுக்குமேல்கூட ஓங்கவில்லை. முதல் அடியிலேயே இரண்டாகப் போய்விட்டது. அவர் குனிந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். முறிந்த முகம் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. வெள்ளையாக, நல்ல இரும்பாக மிச்சமிருந்தது ஓர் ஓரம் மட்டும். கட்டைவிரல் அகலம். அந்த ஓரத்தை நம்பித்தான் அன்பு உடம்பைச் சாய்க்கப் போனார்.

அவர் துண்டை என் கையில் கொடுத்தார்.  பிறகு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நீ சொன்னப்ப மணி பத்து. நான் உன்னைக் கேட்டப்ப எத்தனை?"

"ஒம்பதே கால்ங்க."

தலையை ஆட்டினார். அவரும் அதே கணக்கைப் போட்டிருக்கிறார் என்று தெரிந்தது. அதற்கப்புறம் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. சம்மட்டியைத் துடைத்துப் பலகையில் அதே இடத்தில் வைத்துவிட்டு, கற்பூரம் எங்கே என்று கேட்டார். பூஜையை முடித்தோம்.

மறுநாள் காலையில் நல்ல வைஸைக் கொண்டுபோய் அன்பு வீட்டில் பூட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். நான் கூடப் போகவில்லை. அந்த உடைந்த துண்டு இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது, சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பின்னால். கறுத்த பாகத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பேன். ஒரு விரல் யாரோ, எந்தப் பட்டறையிலோ, எப்போதோ விட்டது. இன்னொரு விரல் முக்கால் மணி நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் வளர்ந்தது. கொட்டகையிலிருந்து "சோபனா, ஒரு நிமிசம் வந்து பாரு" என்று குரல் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறேன்.